காவல் என்னும் வழிபாடு

(திருப்பூரில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



நான் எடுத்துக்கொண்ட பொருள், தேர்ந்தெடுத்த படைகளில் இருந்த வீரர்களின் இறைநம்பிக்கையும் அவர்களுக்குள் இருந்த அமைதி வேட்கையும். பனியன் ஊரில் நின்றுகொண்டு படையைப் பற்றி எதற்குப் பேச வேண்டும் என்று அழைப்பிதழைப் பார்த்த நண்பர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. ஆனால் நம் ஊர்ப் பெயருக்கே நாம் ஒரு போர்க்கதைதான் சொல்கிறோம். விராட மன்னனின் பசுக்களைக் கௌரவர்கள் ஓட்டிச் செல்ல, அர்ச்சுனன் அவற்றை மீட்டுத் திருப்பிய இடம் இது, அதனால் திருப்பூர். தாராபுரத்தை விராடபுரம் என்று சொல்லும் பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். இது செவிவழிக் கதைதான். ஆனாலும் நாட்டைப் பிடித்ததையோ பகைவரைக் கொன்றதையோ விட்டுவிட்டு, பறிபோனதை உரியவரிடம் திருப்பிக் கொடுத்ததை ஊர்ப்பெயராக வைத்துக்கொண்ட மக்கள் நாம் என்பதை முதலில் நினைவில் கொள்வோம்.

இன்னொரு காரணம் இன்னும் நெருக்கமானது. கொங்கு நாட்டில் பாவு விரித்து, நாடா எறிந்து, குழித்தறியில் கால் வைத்து வாழ்ந்த குடிகளில் ஒன்று, ஒரு காலத்தில் சோழப் பேரரசின் தேர்ந்தெடுத்த படையாக இருந்தது.

தெரிந்த கைக்கோளர்

சோழர் கல்வெட்டுகளில் 'தெரிஞ்ச கைக்கோளர்' என்ற பெயர் திரும்பத் திரும்ப வருகிறது. தெரிந்த என்றால் தேர்ந்தெடுக்கப்பட்ட. சமரகேசரித் தெரிஞ்ச கைக்கோளர், விக்கிரமசிங்கத் தெரிஞ்ச கைக்கோளர் என்று அரசனின் பட்டப்பெயரைத் தங்கள் பெயருக்கு முன்னால் தாங்கிய பிரிவுகள் அவை. கைக்கோளர் என்ற சொல்லுக்கு வலிய கையை உடையவர் என்று பொருள் சொல்வாரும் உண்டு, கையில் கோலை உடைய நெசவாளர் என்று சொல்வாரும் உண்டு. இதே குடிக்கு வழங்கும் செங்குந்தர் என்ற பெயரில் ஐயத்துக்கே இடமில்லை. குந்தம் என்றால் ஈட்டி. குருதி படிந்து சிவந்த ஈட்டி.

இவர்கள் போரில் என்ன செய்தார்கள் என்பதைப் புலவர்கள் பாடியிருக்கிறார்கள். போர் இல்லாத நாளில் என்ன செய்தார்கள் என்பதைச் சொல்பவை கோயில் சுவர்கள். அங்கே இவர்கள் நந்தா விளக்கு வைத்தவர்களாக நிற்கிறார்கள். நந்தா விளக்கு என்றால் இரவும் பகலும் அணையாத விளக்கு. அதற்கு நாள்தோறும் நெய் வேண்டும்; நெய்க்கு ஆடு வேண்டும். தஞ்சைப் பெரிய கோயிலில் ஒரு விளக்குக்கு 96 ஆடு என்று கணக்கு. அந்த ஆடுகளுக்குக் கல்வெட்டு தரும் பெயர் 'சாவா மூவாப் பேராடு'. ஓர் ஆடு இறந்தால் குட்டி அந்த இடத்துக்கு வரும், கணக்கு குறையாது. ஆகவே அந்த மந்தைக்குச் சாவும் இல்லை, மூப்பும் இல்லை.

இதைச் சற்று நிதானமாக எண்ணிப் பாருங்கள். நாளை எந்தக் களத்தில் விழுவோம் என்று தெரியாத மனிதர்கள் சாவில்லாத மந்தையையும் அணையாத விளக்கையும் விட்டுச் செல்கிறார்கள். அடுத்த போரில் வெற்றி வேண்டும் என்ற வேண்டுதலும் அதில் இருந்திருக்கலாம். எனக்குத் தெரிவது அதற்கும் அடியில் உள்ள ஒரு தவிப்பு. தன் கையால் அணைந்துபோன உயிர்களை அறிந்தவன், தன் கையால் ஏற்றிய ஒன்றாவது அணையாமல் இருக்கட்டும் என்று விரும்புகிறான்.

பரஞ்சோதியின் இரண்டு வாழ்க்கை

வாளை வைத்துவிட்டால் அமைதி வந்துவிடுமா? இந்தக் கேள்விக்குத் தமிழ் மரபு எளிதான விடை தரவில்லை. பரஞ்சோதியார் கதையைப் பாருங்கள். யானைப் போரிலும் குதிரைப் போரிலும் தேர்ந்தவர், வடமொழிக் கலைகளும் மருத்துவமும் கற்றவர். பல்லவப் படையை வாதாபிக்கு நடத்திச் சென்று அந்த நகரை அழித்தார். வரலாற்று ஆசிரியர்கள் அந்தப் போரை 642ஆம் ஆண்டு, முதலாம் நரசிம்மவர்மன் காலம் என்று கணிக்கிறார்கள். அவர் சிவனடியார் என்பது வெற்றிக்குப் பிறகுதான் அரசனுக்குத் தெரிகிறது. சேக்கிழார் காட்டும் அரசன் அதைக் கேட்டு மகிழவில்லை, நடுங்குகிறான். இறைவனின் அடியாரைக் கொடிய போர்முனைக்கு அனுப்பிவிட்டேனே என்று மன்னிப்புக் கேட்கிறான். பொருள் கொடுத்து, பணியிலிருந்து விடுவித்து, திருத்தொண்டு செய்யுங்கள் என்று ஊருக்கு அனுப்புகிறான். ஓர் அரசன் தன் தளபதியிடம், உன்னைப் போருக்கு அனுப்பியது என் பிழை என்று சொல்லும் இடம் நம் இலக்கியத்தில் அரிது.

அவர் திருச்செங்காட்டங்குடிக்குத் திரும்பிச் சிறுத்தொண்டர் ஆனார். கதை அங்கே முடிந்திருந்தால் நமக்கு நிம்மதி. ஆனால் பைரவ வேடத்தில் வந்த விருந்தாளிக்காகப் பெற்ற மகனையே அரிந்து படைத்த நிகழ்ச்சி அதன் பிறகுதான் வருகிறது. மகன் உயிரோடு திரும்பி ஓடி வருகிறான் என்று புராணம் நம்மைத் தேற்றினாலும், அந்தக் காட்சியை என்னால் எளிதில் கடக்க முடிந்ததில்லை. களத்திலிருந்து வந்தவரின் வீட்டுக்குள் கத்தியும் கூடவே வந்துவிட்டதே என்று தோன்றும். போருக்குப் போய்த் திரும்பிய ஆண்கள் உள்ள குடும்பங்களுக்கு இது புரியும். உறக்கத்தில் கத்தி எழுவார்கள். பட்டாசுச் சத்தத்துக்கு அதிர்வார்கள். கோயிலுக்குப் போவார்கள், அங்கும் பேச மாட்டார்கள். பக்தி ஒருவனைப் போர்க்களத்திலிருந்து வெளியே கொண்டுவரலாம். போர்க்களத்தை அவனுக்குள்ளிருந்து வெளியே எடுக்க அது மட்டும் போதாது. வேறு ஒன்றும் வேண்டும். அது என்ன என்பதற்கு விடையாக எனக்குக் கிடைத்தது கடலுக்கு அப்பால் நிற்கும் ஒரு தமிழ்க் கல்வெட்டு.

பொலன்னறுவைக் கல்

சோழர் காலத்தில் வேளைக்காரப் படை என்று ஒன்று இருந்தது. அரசனுக்கு ஆபத்து வரும் வேளையில் உயிரைக் கொடுப்போம் என்று சபதம் செய்தவர்கள். மெய்க்காப்பாளர்களிலும் மேலான நிலையில் இருந்தவர்கள். இந்தப் படை இலங்கையிலும் இருந்தது. சோழரை வென்று 1070இல் பொலன்னறுவையை மீட்ட சிங்கள மன்னன் முதலாம் விஜயபாகுவே வேளைக்காரரைத் தன் பணியில் வைத்திருந்தான்.

அவனுடைய முப்பதாம் ஆட்சியாண்டில் சோழர்மேல் படையெடுக்க அவன் ஆணையிட்டபோது வேளைக்காரர் மறுத்தார்கள். தளபதிகளைக் கொன்றார்கள், அரண்மனைக்குத் தீ வைத்தார்கள். மன்னன் தப்பிச் சென்று, படை திரட்டி வந்து அவர்களை ஒடுக்கினான். தலைவர்களாக இருந்தவர்களைத் தீயிலிட்டான் என்று மகாவம்சத்தின் தொடர்ச்சியான சூளவம்சம் சொல்கிறது. இரு பக்கமும் தீ, இரு பக்கமும் சாவு.

விஜயபாகு 73 ஆண்டுகள் வாழ்ந்து, 55 ஆண்டுகள் ஆண்டு, 1110 அளவில் இறந்தான். அவன் காலத்தில் புத்தரின் பல்லைப் பேணும் தளதாய்ப் பெரும்பள்ளி பொலன்னறுவையில் கட்டப்பட்டிருந்தது. அந்தப் பல்லை வைத்திருப்பவனே நாட்டை ஆளும் உரிமை உடையவன் என்பது சிங்கள மரபு. அரசன் போன பிறகு வாரிசுச் சண்டை வருகிறது. அந்தப் பள்ளியை யார் காப்பது? மூத்த பிக்கு முகலன் தேரரும் அமைச்சர்களும் யாரை அழைத்தார்கள் தெரியுமா? அரண்மனைக்குத் தீ வைத்த அதே வேளைக்காரப் படையைத்தான் அழைத்தார்கள்.

வேளைக்காரர் ஒன்று கூடினார்கள். தங்கள் மூத்தோராகக் கருதிய வளஞ்செயர் வணிகக் குழுவையும் நகரத்தாரையும் கூட்டிக்கொண்டார்கள். வலங்கை, இடங்கை, சிறுதனம், பிள்ளைகள்தனம், வடுகர், மலையாளர் என்று தங்களுக்குள் இருந்த எல்லாப் பிரிவுகளின் சார்பிலும் பொறுப்பை ஏற்றார்கள். பள்ளிக்குத் தங்கள் பெயரையே வைத்து, மூன்றுகைத் திருவேளைக்காரன் தளதாய்ப் பெரும்பள்ளி என்று அழைத்தார்கள். காவலுக்கு ஆள் தந்தார்கள், நிலம் தந்தார்கள். பள்ளியையும் அதன் ஊர்களையும், அதன் பொருளையும், அதனிடம் தஞ்சம் புகுந்தவர்களையும், நாங்கள் அழிய நேர்ந்தாலும் காப்போம் என்று தமிழில் கல்லில் வெட்டி வைத்தார்கள். அந்தக் கல் பொலன்னறுவையில் இருக்கிறது.

அந்தப் படையில் பெரும்பாலோர் பௌத்தர் அல்லர். மொழியும் அந்த நாட்டுப் பெரும்பான்மை மொழி அன்று. நேற்றுவரை அந்த அரசோடு இரத்தப்பகை. அப்படிப்பட்டவர்கள் இன்னொரு சமயத்தின் உயிர்நாடியான ஒன்றைத் தங்கள் உயிரை வைத்துக் காப்போம் என்றார்கள். எங்கள் தெய்வத்தை விட்டுவிட்டோம் என்று அவர்கள் எழுதவில்லை. எங்கள் தெய்வமே பெரிது என்றும் எழுதவில்லை. படைவீரனுக்கு நன்றாகத் தெரிந்த தொழில் காவல். அதையே அவர்கள் வழிபாடாக்கினார்கள்.

நெல்லைச் சீமையில் அம்பாசமுத்திரம் அருகே திருவாலீசுவரத்தில் 11ஆம் நூற்றாண்டு எழுத்தில் இதற்கு உறவான இன்னொரு கல்வெட்டு உண்டு. மூன்றுகை மகாசேனை என்ற படை தன் வெற்றிகளை அடுக்கிச் சொல்லிவிட்டு, அந்தச் சிவன் கோயிலையும் அதன் பண்டாரத்தையும் பணியாளரையும் தன் காவலில் எடுத்துக்கொள்கிறது. வென்ற ஊர்களின் பட்டியல் எவ்வளவு நீண்டாலும் முடிவில் அந்தப் படை வந்து நின்றது ஒரு கோயில் வாசலில், காவலாளாக.

பரஞ்சோதியாரிடம் நான் தேடிய விடை இதுதான். படைவீரனின் பக்தி அவனுக்கும் கடவுளுக்கும் இடையிலேயே நின்றுவிட்டால் அவன் மனம் ஆறுவதில்லை. தன்னுடையது அல்லாத ஒன்றைக் காக்கும் பொறுப்பாக அது மாறும்போதுதான் ஆறுகிறது.

கல்லை மறந்தபோது

அந்தச் சபதத்தை மறந்த காலத்தையும் சொல்லியாக வேண்டும்.

1987 ஜூலை 29இல் இந்திய-இலங்கை ஒப்பந்தம் கையெழுத்தாகி, இந்திய அமைதி காக்கும் படை இலங்கைக்குப் போனது. அதே ஆண்டு அக்டோபரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக வளாகத்தில் பாரா கமாண்டோ வீரர்களும் சீக்கிய இலகு காலாட்படை வீரர்களும் ஹெலிகாப்டரில் இறக்கப்பட்டார்கள். இந்தியாவின் மிகச் சிறந்த வீரர்கள் சிலர் படிப்புக்குரிய அந்த மண்ணில் விழுந்தார்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்ட இந்திய வீரர்களும் எத்தனையோ தமிழ்ப் பொதுமக்களும் மாண்ட பின், 1990 மார்ச்சில் அந்தப் படை திரும்பியது. பெயரில் அமைதி இருந்தது, களத்தில் இல்லை.

1995 ஜூலை 9இல் யாழ்ப்பாணத்து நவாலியில் புனித பேதுரு தேவாலயத்தில் தஞ்சம் புகுந்திருந்த மக்கள்மீது இலங்கை விமானப்படை குண்டு வீசியது. நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். 1998 ஜனவரி 25இல் கண்டி தலதா மாளிகை வாசலில் விடுதலைப் புலிகளின் தற்கொடைப் பிரிவினர் வெடிகுண்டு நிரப்பிய லாரியோடு மோதினார்கள். எந்தப் பல்லுக்காகப் பொலன்னறுவையில் நம் வேளைக்காரர் உயிரைப் பணயம் வைத்தார்களோ, அந்தப் பல் இருப்பதாக மக்கள் வணங்கும் இடம் அது. சபதம் செய்து உயிர் கொடுத்தவர்கள் என்பதில் இரு படைக்கும் ஒற்றுமை உண்டு. எதற்காகக் கொடுத்தார்கள் என்பதில்தான் வேறுபாடு. சாகத் துணிந்த மனத்தை மட்டும் வைத்து வீரத்தை அளந்தால் இந்த வேறுபாடு நம் கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும்.

யாருடைய காயத்தையும் சிறிதாக்க இதை நான் சொல்லவில்லை. தஞ்சம் புகுந்தவரைக் காப்போம் என்று அந்தக் கல்லில் ஒரு சொல் இருந்தது. நவாலியிலும் கண்டியிலும் உடைந்தது அந்தச் சொல்தான்.

நம் அருகில் உள்ள வீரர்கள்

இங்கிருந்து மலையேறினால் வெலிங்டன். 1758இல் வேர்கொண்ட மெட்ராஸ் ரெஜிமெண்டின் பயிற்சி மையம் அங்கே இருக்கிறது. அதன் வீரர்களைப் படையில் 'தம்பி' என்றே அழைப்பார்கள். 'வீர மதராசி, அடி கொல்லு, அடி கொல்லு' என்பது அவர்களுடைய போர்முழக்கம். அப்படி முழங்கும் இளைஞன் பயிற்சி முடிந்து உறுதிமொழி எடுக்கும் நாளில் தன் சமயத்தின் புனித நூலை முன்வைத்தே சத்தியம் செய்கிறான். தரைப்படையில் பண்டிட், கிரந்தி, மௌல்வி, பாதிரியார், பௌத்த பிக்கு என்று மத போதகர்கள் நாயிப் சுபேதார் நிலையில் பணிபுரிகிறார்கள். பல முகாம்களில் சர்வ தர்ம ஸ்தலம் என்று ஒரே கூரையின் கீழ் எல்லாச் சமயத்து வழிபாடும் நடக்கிறது. பக்கத்துப் பதுங்குகுழியில் இருப்பவனின் சாமியும் தன் சாமியும் ஒரே கூரையில் இருப்பதைப் பார்த்துப் பழகிய மனிதன் அவன்.

அவன் ஓய்வு பெற்று நம் ஊருக்கு வருகிறான். பனியன் கம்பெனி வாசல்களில், நூல் மில் கேட்டுகளில், பேங்க் கதவருகே நிற்கும் முன்னாள் படைவீரர்களை நாம் நாள்தோறும் கடந்து போகிறோம். அப்படி ஒருவரிடம் நான் பேசிக்கொண்டிருந்தேன். காலையில் கேட்டைத் திறக்கும் முன் வாசல் பிள்ளையாருக்கு விளக்கேற்றுகிறார். வெள்ளிக்கிழமை மதியம் தொழுகைக்குப் போகும் ஒடிசாத் தொழிலாளியின் சைக்கிளைத் தன் நாற்காலி ஓரத்தில் நிறுத்தச் சொல்லிப் பார்த்துக்கொள்கிறார். என்ன வேண்டிக்கொள்வீர்கள் என்று கேட்டேன். "என் பையன் பார்டருக்குப் போக வேண்டி வரக்கூடாதுங்க" என்றார். இருபது ஆண்டுக்கு மேல் எல்லையில் நின்றவரின் பிரார்த்தனை அது. பொலன்னறுவைக் கல்லுக்குப் பொழிப்புரை கேட்டால் நான் இவரைக் காட்டுவேன்.

படுகளமும் கொடியும்

நம் மண்ணில் இந்த ஏக்கம் சடங்காகவே இருக்கிறது. கனடா நாட்டு மானிடவியலாளர் பிரெண்டா பெக் 1960களில் காங்கேயம் பக்கம் ஓலப்பாளையத்தில் தங்கி, அண்ணன்மார் கதையை உடுக்கைப் பாட்டாகப் பல இரவுகள் ஒலிநாடாவில் பதிவு செய்தார். பொன்னரும் சங்கரும் வென்றவர்கள், வெல்ல முடியாதவர்கள், ஆனாலும் மாய்கிறார்கள். அவர்களுடைய தங்கை தங்காள் அழுதுகொண்டே களத்துக்கு வந்து தண்ணீர் தெளித்து எழுப்புகிறாள். எழுந்தவர்கள் மறுபடியும் வாளை எடுக்கவில்லை. எங்கள் காலம் முடிந்தது தாயே என்று விடைபெறுகிறார்கள். இன்றும் படுகளச் சடங்கில் ஆண்கள் பிணம்போல் விழுவதையும் தண்ணீர் தெளித்ததும் எழுவதையும் நாம் பார்க்கிறோம். போரில் செத்தவர்கள் எழுந்து வர மாட்டார்களா என்று ஊரே சேர்ந்து கேட்கும் கேள்வியாகவே அது எனக்குப் படுகிறது.

இனி கைக்கோளரிடம் திரும்புகிறேன். சோழப் பேரரசு மறைந்தது, படைப்பிரிவுகள் கலைந்தன. விசயநகரக் காலக் கல்வெட்டுகளில் அதே பெயர் நெசவாளராகத் துலங்குகிறது. அவர்கள் அப்போது கேட்டுப் பெற்ற பெருமைகள் தண்டிகையும் சங்கும். ஈட்டியின் நினைவு மட்டும் முருகனிடம் போய்ச் சேர்ந்தது. சூரசம்ஹாரத்தில் நவவீரர் வேடம் கட்டும் நாளில் மட்டுமே வேல் கைக்கு வருகிறது. மற்ற நாளெல்லாம் நாடாதான். தேவராய சுவாமிகளின் கந்த சஷ்டி கவசம் சென்னிமலையில் அரங்கேறியதாக மரபு. கவசம் என்பது போர்வீரன் மார்பில் அணிவது. அந்தச் சொல்லையே எடுத்து, தலை முதல் கால் வரை ஒவ்வோர் உறுப்பையும் காக்கச் சொல்லும் பிரார்த்தனையாக்கியிருக்கிறார்கள். அதைத் தறிச் சத்தத்துக்கு நடுவில் முணுமுணுத்தவர்கள் வாழ்ந்த ஊர் சென்னிமலை.

அதே சென்னிமலையில், நெசவுக் குடும்பத்தில், 1904 அக்டோபர் 4இல் பிறந்தவர் குமாரசாமி என்ற நம் குமரன். வறுமையால் படிப்பை விட்டுத் தறியில் அமர்ந்தார். பிழைப்புத் தேடித் திருப்பூர் வந்தார். 1932 ஜனவரி 4இல் காந்தி கைதானார். ஜனவரி 10இல் இந்த ஊர்த் தெருவில் தடையை மீறி ஊர்வலம் புறப்பட்டது. தடியடி விழுந்தது, மண்டை பிளந்தது. ஏந்திச் சென்ற தேசியக் கொடியைக் குமரன் விடவில்லை, கையை ஓங்கவும் இல்லை. மறுநாள் உயிர் பிரிந்தது. வயது 27. செங்குந்தம் என்ற பெயரில் இருந்த சிவப்பு பகைவனின் குருதி. அன்று திருப்பூர் மண்ணில் படிந்தது தாங்கியவனின் குருதி. தெரிந்த கைக்கோளரின் வீரம் இந்த மண்ணில் எங்கே வந்து சேர்ந்தது என்று கேட்பவருக்கு ரயில் நிலையத்தின் அருகில் உள்ள அவர் நினைவிடத்தைக் காட்டுங்கள்.

வேண்டுகோள்

அன்பர்களே, படைவீரனின் பக்தியைப் புகழ்வது எளிது. அந்தப் பக்தியை ஆயுதமாக்கிக்கொள்வது அதைவிட எளிது. எல்லா நாட்டிலும் நடக்கிறது. அவன் வேண்டுவது என்ன என்று கேட்டவர்கள் குறைவு. அவன் வேண்டுவது தன் மகன் போகத் தேவையில்லாத ஒரு நாளை.

அந்த நாளைக் கொண்டுவருவதில் நம் பங்கு சிறியது, ஆனால் தெளிவானது. ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் தென்மாவட்டங்களிலிருந்தும் வந்தவர்கள் இந்த ஊரில் நம்மோடு தைக்கிறார்கள், சாயம் போடுகிறார்கள், பிரிக்கிறார்கள், அடுக்குகிறார்கள். அவர்களுக்கும் கோயில் உண்டு, மசூதி உண்டு, தேவாலயம் உண்டு. என்றாவது ஒருநாள் ஏதோ ஒரு வதந்தி இந்த ஊர்த் தெருவில் ஓடும். அன்று நாம் வணங்காத ஒரு வழிபாட்டிடத்தின் வாசலில் போய் நிற்கும் முதல் ஆள் உங்களில் ஒருவராக இருக்க வேண்டும். கையில் ஒன்றும் வேண்டாம், நின்றால் போதும். 900 ஆண்டுகளுக்கு முன் தமிழ் பேசிய ஒரு படை அப்படி நின்றது. கல்லில் எழுதியும் வைத்தது.

நாளை காலை வேலைக்குப் போகும்போது, கேட்டில் நிற்கும் அந்த முன்னாள் படைவீரரிடம் ஒரு வணக்கம் சொல்லிவிட்டுப் போங்கள்.